மண்ணை ஆராய்ந்த வினோகிராட்ஸ்கி

மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை இனம் பிரித்துப் பெயரிட்ட சாஸ்திர நிபுணர்களுள் ஸெர்கே வினோகிராட்ஸ்கியை முதல் வரிசையில் வைத்து எண்ணுகிறோம். 1856-ம் வருஷம் கீவ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்த இவர், சட்டம் படிக்கச் சேர்ந்து அதை விட்டார். பியானோ பயின்று அதையும் விட்டார். பின்னர் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் கற்ற இயற்கை சாஸ்திரமே அவரிடம் நிலைத்தது.

எரு மக்கும்போது உண்டாகும் அம்மோனியா, மண்ணில் நைட்ரேட் சத்தாக மாறிப் பயிருக்கு உணவாகிறது. இம்மாறுதல் உயிர்களின் வேலையே என்று ஷ்லேஸிங், மூன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு நிபுணர்கள் 1877-ல் காட்டினர். எந்த உயிர் என்பது மட்டும் விளங்கவில்லை. அக்காலத்தில் கிருமிகளைப் பிரித்தெடுக்க ஜெலடின் தட்டே பிரமாணமாயிருந்தது. அதில் மண்ணிலுள்ள எத்தனையோ கிருமிகள் முளைத்தன. தேடிய கிருமி முளைக்கவில்லை.

ஸூரிச் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த வினோகிராட்ஸ்கி, ஆய்வாளர் இடும் கொழுத்த உணவே அக்கிருமிக்கு ஒவ்வாதது என்று ஊகித்தார். அவ்வுணவை அறவே நீக்கி, அம்மோனியா உப்பும் தாதுப் பொருள்களும் மட்டும் கலந்த நீரை வைத்தார். மற்றக் கிருமிகள் பட்டினியால் ஒடுங்கின. தேடிய கிருமி பெருகிற்று. 1890-ல் இம்முடிவுகளை வெளியிட்டார். ஜெலடினுக்குப் பதிலாக ஸிலிகாக் கூழைத் தட்டில் பரப்பிக் கிருமிகளை வளர்த்தார்.

வேலையைச் செய்பவை இரண்டு இனங்கள் என்பது அப்போது தெளிவாயிற்று. அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒன்று; அதை நைட்ரேட்டாக்குவது மற்றொன்று. முறையே நைட்ரோஸோமோனாஸ், நைட்ரோபாக்டர் என 1892-ல் பெயரிட்டார். சூரிய ஒளியின்றியே கரியமில வாயுவைக் கொண்டு இவை உடல் வளர்க்கின்றன. உருவத்தை மட்டும் நோக்கினால் இவை அற்பமான துகள்களே. செய்யும் தொழிலை நோக்கியபோதுதான் இவற்றின் பெருமை புலப்பட்டது.

புரட்சிக்குப் பின் சொத்திழந்து ருஷ்யாவை விட்டு வெளியேறிய அவரை, 1922-ல் பாஸ்டர் ஸ்தாபனம் பிரான்ஸுக்கு அழைத்தது. அறுபது வயதைக் கடந்தும் மண்ணாராய்ச்சியை மீண்டும் தொடங்கி, 1953-ல் மறைந்தார்.

இவ்விரு வேலைகளையும் ஒரே கிருமி செய்வதும் உண்டென 2015-ல் கண்டனர். அம்மோனியாவைக் குறைவாக அளித்து வளர்த்துப் பார்த்தே அதையும் கண்டனர். வினோகிராட்ஸ்கியின் முடிவு திருத்தம் பெற்றது. அவர் காட்டிய வழி நிலைபெற்றது. தமது தட்டில் முளைக்காதது உலகிலேயே இல்லை என்று தீர்ப்பளிப்போர் எத்துறையிலும் உண்டு. அவர்களுக்கு இவர் வாழ்க்கையே தக்க விடையென்பது நமது துணிபு.