மேரி இரத்தினம் அம்மையார்

புகுந்த நாட்டையே தம் நாடாகக் கொண்டு உழைத்த பெருமாட்டிகளுள் டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார் ஒருவர். 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் பிறந்த இவர், வைத்தியக் கல்வி முடித்து, 1896இல் மிஷன் ஊழியத்துக்கென இலங்கை வந்தார். இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்தமையால் மிஷன் அவரை ஏற்க மறுத்தது. மிஷன் பாடசாலையிற் கற்ற நாம் இதனை நாணத்துடனேயே எழுதுகின்றோம். அம்மையாரோ மனந்தளராது, கொழும்பிலே பெண்களுக்கு வைத்தியஞ் செய்து வந்தார்.

முதலாம் உலக யுத்தத்தின் பின் பல நாடுகளிற் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். இங்கும் 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றிற்று. அம்மையாரும் அதில் முன்னின்றார். சங்கத்தார் டொனமூர் ஆணைக்குழு முன் தம் கோரிக்கையை வைத்தனர். பழைமை பேணிய தலைவர்கள் எதிர்த்தனர். 1913இல் மருதனார்மடத்தில் நம் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அவர்களுள் ஒருவர். கல்வியை ஈந்த கை வாக்கை ஈயத் தயங்கிற்று. ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்களிக்க எண்ணியது. ஈற்றில் 21 வயதான இருபாலாருக்கும் 1931இல் உரிமை கிடைத்தது. ஆயினும் வாலிப காங்கிரசின் பகிஷ்காரத்தால் அவ்வாண்டு குடாநாட்டிலே தேர்தல் நிகழவில்லை. இடைத்தேர்தல் வர 1934 ஆயிற்று.

வாக்கு மட்டும் போதாதென்பதை அம்மையார் அறிந்திருந்தார். கனடாக் கிராமப் பெண்களின் சங்கங்களை மாதிரியாகக் கொண்டு, 1930இல் லங்கா மகிள சமித்தியைத் தொடக்கினார். சுகாதாரம், பிள்ளை வளர்ப்பு, கைத்தொழில் ஆகியவற்றைக் கிராமத்துப் பெண்கள் தாமே கூடிக் கற்றனர். கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் பழகினர். 1941இல் இச்சமித்தியிற் சேர்ந்தவர், பழம்பெரும் கண்டிக் குடும்பத்துப் பெண்ணான சிறிமாவோ பண்டாரநாயக்கா. அவரே 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரானார்.

அம்மையார் 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்மணி. 1958இல் மக்சேசே விருது பெற்று, 1962இல் காலமானார்.

பெரியோர்களே, நண்பர்களே! விழாவுக்குக் கோலமிடவும் பொங்கல் சமைக்கவும் நம் சகோதரிகளை அழைக்கின்றோம். கணக்குப் புத்தகத்தை அவர்கள் கையிற் கொடுக்க இன்னும் தயங்குகின்றோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் அத்தயக்கத்தை நீக்குவோமாயின், அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.