தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன்

மானிப்பாய் என்றதும் அங்குள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை பலர் நினைவுக்கு வரும். அப்பெயருக்குரிய சாமுவேல் பிஸ்க் கிறீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்கர். ஒரு மருத்துவக் கல்விக்கூடம் யாருக்காக, எந்த மொழியில் நடைபெற வேண்டும் என்ற கேள்விக்கு அவர் தம் வாழ்நாளையே விடையாக அளித்தார்.

கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்தார். நியூயோர்க் நகரில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னரே, 1820 முதல், டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்திருந்தார். ஆகவே மேல்நாட்டு மருந்து அம்மண்ணுக்குப் புதிதன்று. அதனை வழங்கத் தகுதி பெற்ற உள்ளூர் மருத்துவர் போதிய அளவில் இல்லாமையே குறையாக இருந்தது.

ஒரு மருத்துவர் எத்தனை ஊர்களுக்குத்தான் செல்ல முடியும்? இக்குறையை உணர்ந்த கிறீன் 1848இல் மானிப்பாயில் நோயாளரைப் பார்ப்பதோடு மாணவரையும் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். அதே ஆண்டிலேயே, அவர் பிறந்த 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயத்தில் இருவரும் எதிரெதிர்த் திசையினர். எனினும் தமிழ் உரைநடையும் அச்சும் கல்வியும் அந்நாளில் அடைந்த வளர்ச்சியில் இருவருக்கும் பங்குண்டு.

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தினார். பயின்றவர்கள் திறமை மிக்கவர்களாகவே வெளியேறினர். ஆனால் ஆங்கிலம் அறிந்த மருத்துவருக்கு அரசாங்க உத்தியோகமும் நல்ல சம்பளமும் பிற இடங்களிற் காத்திருந்தன. கிராமத்து நோயாளிக்காகப் பயிற்றப்பட்டவர் கிராமத்தில் தங்கவில்லை. கல்விக்கூடம் வளர்ந்தும் அதன் நோக்கம் நிறைவேறாத நிலை அது.

1857இல் தாயகம் சென்ற கிறீன் 1862இல் மீண்டும் வந்தபோது துணிந்து ஒரு முடிவெடுத்தார். இனிப் பாடம் முழுவதும் தமிழிலேயே நடைபெற வேண்டும். மாணவர் தமிழ் உடையிலும் தம் மக்களின் வாழ்க்கை முறையிலும் நிலைத்திருக்க வேண்டும் என்பதே அது. இம்முடிவுக்குப் பாடநூல்கள் தேவைப்பட்டன. அவற்றையும் அவரே ஆக்கத் தலைப்பட்டார்.

முதல் வருகையின்போதே உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் ஆகியவை பற்றிய நூலொன்றைத் தமிழாக்கியிருந்தார். பிரசவ வைத்தியம் 1857இல் வெளிவந்திருந்தது. 1867இல் இரண வைத்தியமும், 1872இல் கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் இரசாயனம் பற்றிய கெமிஸ்தமும் அச்சேறின. அவர் தமிழ் மாணவர்களும் உதவியாளர்களும் இப்பணியில் தோள் கொடுத்தனர். ஒரு சொல்லுக்கு முதலில் தமிழிலே தேடுவது, கிடைக்காவிடின் வடமொழியை நாடுவது, அதுவும் இயலாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கைக்கொண்ட முறை.

1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தை வாந்திபேதி வாட்டியது. கிறீனும் அவர் பயிற்றிய மருத்துவரும் அக்காலத்தில் மக்களிடையே பணிபுரிந்தனர்.

1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60 பேருக்கு மேற்பட்டவர். அவர்களுள் 33 பேர் தமிழிலேயே பயின்றவர். தாயகம் திரும்பிய பின்னரும் அவர் ஓயவில்லை. தமிழ் பேசுவோர் அரிதான வூஸ்ரர் நகரில் இருந்துகொண்டே தமிழ்க் கைப்பிரதிகளைத் திருத்தி வந்தார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884இல், அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவராகவும் சமய ஊழியராகவும் பணிபுரிந்தவர் என்ற குறிப்பே தம் கல்லறையில் இடம்பெற வேண்டுமென அவர் விரும்பியிருந்தார்.

அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தில் நடைபெற்றது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் உருவானபோதும் கற்பிக்கும் மொழி ஆங்கிலமாகவே அமைந்தது. உயர்தர வகுப்பு வரை உயிரியலைத் தமிழிற் கற்ற மாணவன், மருத்துவ பீடத்தின் வாயிலில் அம்மொழியை விட்டுச் செல்கிறான். கிறீன் ஆக்கிய சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை.

எனினும் அவர் எழுப்பிய கேள்வி வழக்கொழியவில்லை. புலம்பெயர்ந்த நாட்டு வைத்தியசாலைகளில், தம் நோயைச் சொல்ல மொழியின்றிப் பள்ளி செல்லும் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் பெற்றோர் எத்தனையோ பேர். தாயின் நோய்க்குரிய சொல் தமிழில் அப்பிள்ளைக்குத் தெரியாது. வைத்தியரின் சொல் தாய்க்குத் தெரியாது. நோயாளியின் மொழியிலேயே மருத்துவம் பேச வேண்டும் என்று கிறீன் எதற்காகப் பாடுபட்டார் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.