பன்மொழி பயின்ற பாவை தோரு தத்

பெண்கள் பல்கலைக்கழகம் சென்று பிரெஞ்சு மொழியும் ஒப்பிலக்கியமும் பயில்வது இன்று நமக்குப் புதுமையன்று. ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, கடல் கடந்து சென்று அக்கல்வியைத் தேடிய இந்தியப் பெண் ஒருவர் இருந்தார். அவரே தோரு தத்.

இவர் 1856ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கோவிந்த சந்திர தத் ஒரு கவிஞர். தாய் க்ஷேத்ரமணி நம் நாட்டுப் பழங்கதைகளைச் சொல்லி மக்களை வளர்த்தார். 1862இல் இக்குடும்பம் கிறிஸ்தவ மறையைத் தழுவியது. தோருவுக்கு அப்ஜு என்ற அண்ணனும் ஆரு என்ற அக்காளும் இருந்தனர். அப்ஜு 1865இல் இறந்தது அவ்வீட்டில் விழுந்த முதல் இடி.

1869இல் குடும்பத்தினர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினர். பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் சகோதரியர் இருவரும் பள்ளியில் சேர்ந்து பிரெஞ்சு கற்றனர். பள்ளிக்கூடம் என்று அவர்கள் சென்றது அது ஒன்றே. அதுவும் சில மாதங்களே! பின்னர் இங்கிலாந்து சென்ற தோரு, 1871 முதல் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென நடைபெற்ற உயர்தர விரிவுரைகளைக் கேட்டார். எவ்வளவு படித்தாலும் பெண்களுக்கு அங்கு அன்று பட்டம் கிடையாது. அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழு உரிமையுடன் பட்டம் வழங்கியது 1948இல்தான். பட்டம் இல்லையென்று தெரிந்தும் தோரு படித்தார்.

1873இல் தாயகம் திரும்பினர். மறு ஆண்டே ஆருவைக் காசநோய் கொண்டுபோயிற்று. துயரத்திலும் தோருவின் எழுதுகோல் ஓயவில்லை. இந்தியப் புராணக் கதைகளைத் தம் கவிதைகளில் பாடிய பிரெஞ்சுக் கவிஞர் லெகோந்த் தெ லீலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1874இல் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 18. நூற்றுக்கு மேற்பட்ட பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1876இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதில் எட்டு, மறைந்த அக்காள் ஆருவின் மொழிபெயர்ப்புகள். முகவுரைகூட இல்லாத அந்த எளிய நூலை லண்டனில் எட்மண்ட் காஸ் என்ற திறனாய்வாளர் வியந்து பாராட்டினார்.

ஐரோப்பிய இலக்கியத்தில் ஆழ்ந்த அவர் உள்ளம், தாய் சொன்ன கதைகளை மறக்கவில்லை. தந்தையும் மகளுமாக வடமொழி பயின்றனர். சாவித்திரி, துருவன், பிரகலாதன் ஆகியோர் கதைகளை ஆங்கிலக் கவிதைகளாக்கினார். உடன்பிறந்தோருடன் விளையாடிய தோட்டத்துச் சவுக்கு மரத்தையும் பாடினார். ஆனால் அதே காசநோய் அவரையும் விட்டுவைக்கவில்லை. 1877 ஆகஸ்டு 30ஆம் நாள், தமது 21ஆம் வயதில் தோரு இறைவனடி சேர்ந்தார். மூன்று மக்களையும் இழந்த பெற்றோரின் வேதனையை என்னென்போம்!

மகளின் தாள்களிடையே பிரெஞ்சு மொழியில் முழுவதும் எழுதி முடித்த நாவல் ஒன்றைத் தந்தை கண்டெடுத்தார். அது 1879இல் பாரிசில் வெளியாயிற்று. இந்தியர் ஒருவர் பிரெஞ்சில் எழுதிய முதல் நாவலாக அது கருதப்படுகிறது. புராணக் கதைப் பாடல்கள் 1882இல் நூலுருப் பெற்றன.

தோழியரே! பிறமொழி கற்பது தாய் மடியை மறப்பதற்கன்று. இரண்டையும் அருகருகே வைத்து, இரண்டின் அழகையும் அறிவதற்கே என்பதை இவ்வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது. அவருக்குக் கிட்டாத பள்ளியும் பட்டமும் நமக்குக் கிட்டுகின்றன. மதிப்பெண்ணுக்காக மட்டுமன்றி, கல்வியின் மீதுள்ள அன்பினாலும் நாம் கற்போமாக!