நீரின் நிறம் தேடிய கணக்கு அதிகாரி

1921-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி. இங்கிலாந்தில் இருந்து வந்த "நர்குண்டா" கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றது. அதில் வந்த தமிழர் ஒருவர், கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதி, அந்தத் தேதியிட்டு, லண்டன் "நேச்சர்" இதழுக்கு அனுப்பினார்.

பிற்காலத்தில் சர் பட்டமும் நோபல் பரிசும் பெற்ற சி.வி.ராமன்தான் அவர்.

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ந் தேதி பிறந்தவர் ராமன். தந்தை சந்திரசேகர அய்யர் கல்லூரி வேலைக்காக விசாகப்பட்டினம் சென்றதால், மகனின் பள்ளிப் படிப்பு அங்கேயே நடந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து, 1907-ல் நிதித்துறைப் பரீட்சையில் தேறி, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். அப்போது வயது 18.

ஊரை விட்டு வந்து சாகணிலும் பூனாவிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு, அதன் பிறகு அவர் வாழ்ந்த பத்தாண்டுகள் நன்றாகவே புரியும். பகலெல்லாம் கோப்பும் கணக்கும். விடியற்காலையிலும், ஆபீஸ் விட்ட பிறகு இரவு வரையிலும், பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. நடுவில் மாற்றல் உத்தரவு வேறு! 1909-ல் ரங்கூன், அடுத்த ஆண்டு நாகபுரி. அங்கெல்லாம் வீட்டிலேயே சோதனைகளைத் தொடர்ந்தார். 1917-ல் கல்கத்தா பல்கலைக் கழகம் அழைத்தபோது, சம்பளம் குறைவு என்று தெரிந்தும் சர்க்கார் உத்தியோகத்தை உதறினார். எல்லோருக்கும் வந்துவிடாத துணிச்சல் இது.

கடல் ஏன் நீலம்?

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது ராலே பிரபுவின் கருத்து. ராமன் கப்பல் தளத்தில் நின்று, ஒரு நிக்கல் பட்டகத்தின் வழியே மத்தியதரைக் கடலைப் பார்த்தார். நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அந்தப் பட்டகம் விலக்கிவிடும். விலக்கிய பிறகும் கடல் நீலமாகவே இருந்தது! நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார் ராமன். நீர் சிவப்பு ஒளியைச் சிறிது விழுங்கிவிடுவதும் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்பது பின்னர் நன்கு தெளிவாயிற்று.

அங்கே தொடங்கிய தேடல் ஏழு ஆண்டுகள் நீடித்தது. மாணவர் கே.எஸ்.கிருஷ்ணனுடன் சுமார் 60 திரவங்களைச் சோதித்து, 1928 பிப்ரவரி 28-ந் தேதி "ராமன் விளைவை" உறுதி செய்தார். ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும், கைரேகை மாதிரி. 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நீரின் ரேகை விசித்திரமானது. கூரிய கோடாக இல்லாமல் அகன்ற பட்டையாக விழும். ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை இழுத்துப் பிடிப்பதே காரணம். இந்தப் பிடிப்பு இருப்பதால்தான் நீர் சட்டென்று சூடேறுவதில்லை. மரத்தின் உச்சி இலை வரை அறுபடாமல் ஏறுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. உயிரணுவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால் தண்ணீரே அதை விழுங்கிவிடும். ராமன் முறையிலோ தண்ணீர் குறுக்கே நிற்பதில்லை. ஆகவே ஈரமான உயிரணுவை உலர்த்தாமலே அதனுள் இருக்கும் புரதத்தையும் கொழுப்பையும் ஆராயலாம். இன்று புற்றுநோய்த் திசுக்களைப் பற்றிய ஆராய்ச்சியிலும் இது பயன்படுகிறது.

1933-ல் பெங்களூர் சென்ற ராமன், 1948-ல் அங்கே தம் பெயரில் சொந்த ஆராய்ச்சி நிலையம் கண்டார். தண்ணீரை மட்டும் மறக்கவில்லை. அதைப்பற்றி அவர் நிகழ்த்திய வானொலி உரை, பின்னர் நூலிலும் இடம்பெற்றது. தண்ணீரின்றி எந்த உயிரின் உடலும் இயங்காது என்பதை விளக்கிய கையோடு, மண் அரிப்பையும், பராமரிப்பின்றிக் கிடக்கும் தென்னாட்டு ஏரிகளையும் கவலையோடு எடுத்துக்காட்டினார்.

1970 நவம்பர் 21-ந் தேதி ராமன் காலமானார். அவர் விருப்பப்படி, நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் நடந்தது.