கடனும் கவிதையும்

மேலூர் நிலையத்தில் காரைக்குடிப் பேருந்து நிற்கும் சில நிமிடங்களில் கண்ணதாசன் பாடல் ஒன்று காதில் விழாமல் போவது அரிது. அந்தச் சாலை சென்று சேரும் செட்டிநாட்டில், சிறுகூடல்பட்டி என்னும் சிற்றூரில் 1927-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். இயற்பெயர் முத்தையா. சிறுவயதிலேயே ஏழாயிரம் ரூபாய்க்கு வேறொரு வீட்டுக்குச் சுவீகாரம் கொடுக்கப்பட்டார். உறவுக்கும் பணத்துக்குமான கணக்கு அவர் வாழ்வில் அன்றே தொடங்கிவிட்டது.

அமெரிக்கப் பாடகர் மார்வின் கே 1978-இல் தமது மணமுறிவையே ஓர் இசைத்தட்டுத் தொகுப்பாக்கினார். அதன் வருவாயில் பிரிந்த மனைவிக்கும் பங்கு உண்டு என்பது ஏற்பாடு. தமிழ்த் திரைப்பாடலாசிரியருக்கு அப்படி ஒரு வாய்ப்பு இல்லை. இயக்குநர் சொல்லும் காட்சி, மெல்லிசை மன்னர்களின் மெட்டு, யாரோ ஒரு கதாநாயகனின் துயரம், மூன்று நான்கு நிமிடங்கள். சொந்தத் துயரத்தை அதற்குள்தான் ஒளித்துவைக்க வேண்டும்.

துயரத்துக்குப் பஞ்சமில்லை. 'மாலையிட்ட மங்கை' கைகொடுத்த துணிவில் 'சிவகங்கைச் சீமை' எடுத்தார். கட்டபொம்மன் படத்தின் முன் அது எடுபடவில்லை. 1960-இல் அவர் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' தந்தது கவலையை மட்டுமே. கடன் கழுத்தை நெரித்தது. பெரிய குடும்பம், மது, தாராளச் செலவு. 1961-இல் தி.மு.க.விலிருந்தும் வெளியேறினார். 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' ஆகிய மூன்று படங்களின் பாடல்களும் வெளிவந்தது அந்த ஆண்டில்தான் என்பதை நினைக்க இன்றும் வியப்பாக இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல அண்ணன் மகன் பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார்.

தயாரிப்பாளரான தமையன் ஏ.எல். சீனிவாசனிடம் பணம் கேட்டு மறுக்கப்பட்ட கோபத்தில் 'பழனி' (1965) படப்பாடலை எழுதினார் என்ற கதையை அறியாதவர் குறைவு. ஆனால், படத்தில் தம்பிகளை எண்ணி நொந்து பாடுபவர் அண்ணன்! கதை உண்மையானால், தம்மைப் புண்படுத்தியவரின் இடத்தில் நின்றே கவிஞர் அழுதிருக்கிறார். மதுரைக்காரரான டி.எம். சௌந்தரராஜன் அதைப் பாடியபோது, எந்த வீட்டிலும் பங்காளிகளுக்குள் நிகழ்ந்திருக்கக்கூடிய சண்டையாக அது மாறிவிட்டது.

தம் வீட்டுத் துன்பங்களில் பலவற்றுக்குத் தாமே காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. 'வனவாசம்', 'மனவாசம்' நூல்களில் தம் வாழ்வை, எப்படி வாழக்கூடாது என்பதற்கான பாடமாகவே முன்வைத்தார். வேறு எவரும் எழுதத் தயங்குவதை எழுதினார். எனினும், அந்த வீட்டில் உலை வைத்துக் காத்திருந்த பெண்களின் தரப்பை எந்தப் பாடலும் பாடவில்லை. ரசிகர்களாகிய நாமும் அதைக் கேட்டதில்லை.

1978-இல் அரசவைக் கவிஞரானார். 'சேரமான் காதலி' நாவலுக்கு 1980-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. மறு ஆண்டு அக்டோபர் 17 அன்று சிகாகோ மருத்துவமனையில் காலமானார். அப்போது வயது 54. உடல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது.