உடலியலில் தோற்ற கணிதமேதை

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியடையாமையால் படிப்பைக் கைவிட்ட பிள்ளைகளைக் கொஸ்லந்த பகுதித் தோட்டங்களில் நாம் இன்றும் காண்கின்றோம். ஏனைய பாடங்களில் திறமை காட்டியும், பிடிக்காத பாடமொன்று அவர்களை வழிமறித்து விடுகின்றது. இதற்கு நேர்மாறான நிலையில் அல்லற்பட்டவர் சீனிவாச இராமானுஜன். அவருக்குக் கணிதமே பிடித்த பாடம், வழிமறித்தவை ஏனையவை.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 ஆம் திகதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் துணிக்கடைக் குமாஸ்தா. சிறுவயதில் எல்லாப் பாடங்களிலும் அவர் கெட்டிக்காரராகவே விளங்கினார். 1897 இல் நடைபெற்ற ஆரம்பப் பரீட்சையில் ஆங்கிலம், தமிழ், புவியியல், எண்கணிதம் ஆகியவற்றில் மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். எனவே, ஏனைய பாடங்களைக் கற்கும் ஆற்றல் அவருக்கு இருக்கவில்லை எனக் கூறுவது தவறாகும்.

1903 அளவில் கார் என்பவர் தொகுத்த நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. சுமார் 5,000 கணித முடிவுகளை, பெரும்பாலும் நிறுவல்களின்றி அடுக்கித் தந்த நூல் அது. அவற்றைத் தாமே நிறுவ முற்பட்ட இளைஞருக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை. 1904 இல் புலமைப்பரிசிலுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார்; ஆங்கிலத்தில் தவறியதால் அதனை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் கற்று, 1906 இலும் 1907 இலும் எப்.ஏ. பரீட்சைக்குத் தோற்றினார். உடலியல் அவருக்கு அறவே ஒவ்வாத பாடம். இரு தடவையும் சித்தி கிட்டவில்லை.

பட்டம் இல்லை, தொழிலும் இல்லை. கடதாசி வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். சிலேட்டுடன் பாடசாலை சென்ற எமது மூத்த தலைமுறையினர் இக்காட்சியை எளிதில் உணர்வர்.

அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துப் புரிந்துகொண்ட சிலர் இருந்தமை அவரது நற்பேறு. நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் வழங்கினார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞர் பதவி கிடைத்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுமாணிப் பட்டம் அவசியமாக இருந்தது. எனினும் 1913 இல் அவ்விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபா வழங்கினர். எமது நோக்கில், ஹார்டியின் பாராட்டுக்குச் சற்றும் குறையாத செயல் இது. விதியை எழுதியவர்களே அதனைத் தளர்த்தத் துணிவது எங்கும் அரிது.

1914 இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1916 இல் ஆய்வுக்காகப் பட்டமும், 1918 இல் ரோயல் சொசைட்டி உறுப்புரிமையும் கிடைத்தன. நோயுற்று 1919 இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 இல் தமது 32 ஆவது வயதில் காலமானார். எப்.ஏ. பரீட்சையில் அவர் இறுதிவரை சித்தியடையவேயில்லை.