வர்ண மூட்டை சுமந்த வான்கோ

காதை அறுத்துக்கொண்ட ஓவியர் என்றால் வான்கோவைத் தெரியாதவர் கிடையாது. கிறுக்கர், கோபக்காரர் என்றெல்லாம் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் சாமான் கட்டுவதில் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதை யாரும் சொல்வதில்லை. பார்சல் ஆபீசில் தினமும் மூட்டைகளோடு மல்லுக்கட்டும் எனக்கு, அவருடைய வாழ்க்கையில் மனதைத் தொட்டது அதுதான்.

வின்சென்ட் வான்கோ 1853-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி ஹாலந்து நாட்டில் சுண்டர்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். 16 வயதில் படம் விற்கும் கம்பெனியில் சிப்பந்தியாகச் சேர்ந்தார். 1876-ல் அந்த வேலை போயிற்று. பிறகு பள்ளி ஆசிரியர், புத்தகக் கடை குமாஸ்தா, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே பிரசங்கி. எதிலும் நிலைக்கவில்லை. ஓவியமே தன் தொழில் என்று அவர் முடிவு செய்தபோது வயது 27 ஆகிவிட்டது.

அவருக்குத் தியோ என்று ஒரு தம்பி. 4 வயது இளையவர். பாரீஸ் நகரில் படக் கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தார். அண்ணனுக்கு மாதாமாதம் பணம் அனுப்பினார். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்தவர்களுக்குத் தியோவின் நிலை புரியும். பதிலுக்கு அண்ணன் வரையும் படமெல்லாம் தம்பிக்குச் சொந்தம் என்று 1884-ல் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

மூட்டையில் என்ன?

எண்ணெய் வர்ணத்தை வெளியே தூக்கிக்கொண்டு போய் வரைவது முன்பு பெரும்பாடு. பன்றியின் நீர்ப்பையில் வர்ணத்தை அடைத்துக் கட்டுவார்கள். ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும். குத்திய பை மறுபடி மூடாது. ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-ல் தகர டியூப்பைக் கண்டுபிடித்தார். நாம் பல் துலக்கும் பசை வரும் டியூப்புக்கு அதுவே முன்னோடி. அதன்பிறகுதான் ஓவியர்கள் தாராளமாக வயல்வெளிக்குப் போனார்கள்.

வான்கோ 1882-ல் ஹேக் நகரத்தில் இருந்தபோது, தச்சரையும் கொல்லரையும் பிடித்து ஒரு மரச்சட்டம் செய்துகொண்டார். குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டிய சட்டம். கால்களில் இரும்பு முனை. கடற்கரை மணலிலும் அது நிற்கும். அந்த நூல்களின் வழியே பார்த்தால் எது தூரம், எது கிட்டம் என்று அளவு தப்பாது. கையில் காசில்லாத மனிதர் செய்த செலவு அது. வீண் செலவு என்று எனக்குத் தோன்றவில்லை.

1888 பிப்ரவரி 20-ந் தேதி பிரான்ஸ் நாட்டின் தெற்கே உள்ள ஆர்ல் என்ற ஊருக்கு ரெயிலில் வந்து இறங்கினார். வெயில் தேடி வந்தவரை வரவேற்றது பனி! பனி போனதும் காற்று வந்தது. மிஸ்ட்ரால் என்று அதற்குப் பெயர். அந்தக் காற்றில் மூன்றுகால் தாங்கியும் நிற்காது, அதில் வைத்த கித்தானும் நிற்காது. அவர் விரும்பி வரைந்த கித்தான் 92 சென்டிமீட்டர் நீளம், 73 சென்டிமீட்டர் அகலம். படகின் பாய் போலக் காற்றைப் பிடிக்கும். வான்கோ அரை மீட்டர் நீள இரும்பு முளைகளைத் தாங்கியின் கால்களுக்குப் பக்கத்தில் அடித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு வரைந்தார். கூடாரம் அடிப்பவர் செய்கிற வேலை.

தியோவுக்கு அவர் அனுப்பிய வர்ணப் பட்டியல் ஒன்று இருக்கிறது. வெள்ளையில் மட்டும் பெரிய டியூப் 20 கேட்டிருக்கிறார். மஞ்சளில் மூன்று தினுசு. எது பெரிய டியூப், எது சின்ன டியூப், எத்தனை என்று தனித்தனிக் கணக்கு. சரக்குக் குமாஸ்தா தோற்றுப்போவார்.

அந்தக் கோடையில் தன்னையே ஒரு படமாக வரைந்தார். தலையில் வைக்கோல் தொப்பி, முதுகில் சுமை, கையில் சாமான்கள், சாலையில் கூடவே வரும் கறுப்பு நிழல். ஜெர்மனியின் மாக்டபர்க் நகர மியூசியத்தில் இருந்த அந்தப் படம், இரண்டாம் உலகப்போரின் முடிவில் 1945-ல் எரிந்துபோனதாகக் கருதப்படுகிறது. போட்டோதான் மிச்சம்.

காய்ந்தால்தான் பயணம்

எடுத்துப் போவதைவிடத் திருப்பி அனுப்புவது கஷ்டம். எண்ணெய் வர்ணம் சீக்கிரம் காயாது. வான்கோவோ கொத்தனார் சாந்து பூசுவது போல அப்புகிறவர். ஈக்களும் மணலும் ஒட்டிக்கொள்ளும். 1889-ல் அவர் வரைந்த ஆலிவ் மரப் படம் ஒன்று அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி மியூசியத்தில் இருக்கிறது. அதன் வர்ணத்துக்குள் ஒரு வெட்டுக்கிளியின் உடல் இருப்பதை 2017-ல் கண்டுபிடித்தார்கள்.

காய்ந்த படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி ரெயிலில் தம்பிக்கு அனுப்புவார். காயாமல் அடுக்கியதால் வர்ணம் நசுங்கிய அடையாளம் சில படங்களில் இன்றும் தெரிகிறது. ஒருமுறை மில்லியே என்ற ராணுவ அதிகாரி லீவில் பாரீஸ் போனார். முப்பதுக்கும் மேற்பட்ட படங்களைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டார் வான்கோ. ஊருக்குப் போகிறவரிடம் பொட்டலம் கொடுத்தனுப்பும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

ஆர்ல் ஸ்டேஷனில் தபால் மூட்டைகளைக் கவனித்தவர் ஜோசப் ரூலேன். தாடிக்காரர். வான்கோவுக்கு உற்ற நண்பர். அவரை ஆறு முறை வரைந்தார். அக்டோபரில் காகின் என்ற ஓவியர் வந்து சேர்ந்தார். 20 மீட்டர் முரட்டுச் சணல் துணி வாங்கினார். இருவரும் அந்தச் சாக்குத் துணியிலேயே வரைந்தார்கள். டிசம்பர் 23-ந் தேதி இரவு காது விபரீதம் நடந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தவரை ரூலேன் போய்ப் பார்த்துக்கொண்டார்.

1889 மே மாதம் சேன் ரேமி மனநோய் விடுதியில் தானாகவே சேர்ந்தார். ஜூலையில், காற்றடித்த ஒரு நாள், வெளியே வரைந்துகொண்டிருந்தபோதே நோய் திரும்பியது. வர்ணத்தை எடுத்து விழுங்கிவிட்டார். அதனால் வர்ணங்கள் அவர் கைக்கு எட்டாமல் வைக்கப்பட்டன. குணமாக வேண்டுமானால் வேலை செய்தாக வேண்டும், அதை டாக்டருக்கு எடுத்துச் சொல் என்று தம்பிக்கு எழுதினார். பிறகு வர்ணங்கள் திரும்பக் கிடைத்தன.

1890 மே மாதம் பாரீசுக்கு அருகே ஓவேர் கிராமத்துக்குப் போனார். சுமார் 70 நாட்களில் 70 படங்கள் வரைந்தார். ஜூலை 27-ந் தேதி தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். 29-ந் தேதி, தியோ அருகில் இருக்க, உயிர் பிரிந்தது. வயது 37. அடுத்த ஆறு மாதத்தில் தியோவும் காலமானார்.

வான்கோவின் உடலை, அவர் தங்கியிருந்த விடுதி அறையில் கிடத்தியிருந்தார்கள். சுவரைச் சுற்றி அவருடைய படங்கள். சவப்பெட்டியின் முன்னால் தரையில் மூன்றுகால் தாங்கியும், மடக்கு முக்காலியும், தூரிகைகளும் வைக்கப்பட்டிருந்தன.